வாயால சொல்லணும்

அன்புராஜின் கை மிஷினில் போன நாளிலிருந்து மரிய சுகந்தி செலின் மேரியிடம் பேசுவதில்லை. ஒரே வாசலைத்தான் இருவரும் முறை வைத்துக் கூட்டினார்கள். ஒரே குழாயடியில்தான் குடம் வைத்தார்கள். செலினின் குடம் நிரம்பி வழிந்தாலும் சுகந்தி வாயைத் திறக்க மாட்டாள். தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று, தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செலினாகக் கவனித்து எடுத்தால்தான் உண்டு.

இருவரும் ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வில்லியனூரிலிருந்து மேற்கே போகும் டவுன் பஸ் மாதா கோயில் தெருமுனையில் நின்று திரும்பும். அங்கிருந்து நாலைந்து வீடு தள்ளி இன்னாசியின் வீடு. இன்னாசி காலமெல்லாம் கரும்புக் கொல்லையிலும் நெல் வயலிலும் கூலிக்குப் போனவர். மூத்தவன் லியோ பிரகாஷ் மினி வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி செலின். இளையவன் அன்புராஜ், அவன் மனைவி சுகந்தி. அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணம் ஆனதும் நடுவில் ஒரு சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்கினார்கள். அடுப்பு வேறு, வாசல் ஒன்று. சுவர் ஒற்றைக் கல் சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் வரும். ஒருத்தி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் இன்னொருத்தி அன்றைக்கு ரசத்தோடு நிறுத்திக்கொள்வாள். கிண்ணம் எப்படியும் வந்துவிடும். இப்போது கிண்ணம் வருவதில்லை.

ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் மாட்டுத் தீவனக் கம்பெனியில் மிஷின்களை ஓட்டி நிறுத்துகிற பேனல் ரூமில் செலினுக்கு வேலை. மூட்டை தைக்கப் போனவளை, டிப்ளமோ படித்திருக்கிறாள் என்று தெரிந்ததும் மேலே ஏற்றிவிட்டார்கள். அன்புராஜை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டு பாதி ஃபிட்டர் ஆகிவிட்டான் என்று மாமியார் லில்லி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு பக்கம் மக்காச்சோளம் அரைபடும். இன்னொரு பக்கம் தவிடும் புண்ணாக்கும் எலிவேட்டரில் ஏறும். எல்லாம் மிக்ஸரில் வந்து விழ, மேலிருந்து மொலாசஸ் சூடாக இறங்கும். சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தது போக மிஞ்சுகிற கறுப்புப் பாகு அது. ஆறினால் இறுகிவிடும். மழைக்காலத்தில் ஈரத் தவிட்டோடு சேர்ந்து மிக்ஸரின் வாயில் கல் மாதிரி அடைத்துக்கொள்ளும். மிஷினை நிறுத்தி, ஆள் போய்ச் சுரண்டி எடுத்தால்தான் மறுபடி ஓடும். வேலை செய்கிறவர்களின் முடி, மூக்கு, உள்ளங்கை எல்லாவற்றிலும் புண்ணாக்கு வாசனை ஏறியிருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

பேனல் ரூம் மாடியில் இருந்தது. கண்ணாடி வழியாக ஒன்றாம் மிக்ஸர் முழுசாகத் தெரியும். இரண்டாம் மிக்ஸரின் வாயை எலிவேட்டர் தூண் மறைத்திருந்தது. கீழே இருப்பவர்களோடு வாக்கிடாக்கியில்தான் பேச வேண்டும். எல்லோருடைய வாக்கியும் ஒரே லைனில் இருந்ததால் ஒருத்தர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

அன்றைக்கும் மழைதான். இரண்டாம் மிக்ஸர் வாய் அடைத்துக்கொண்டது என்று அன்புராஜ் சொன்னான். செலின் நிறுத்தினாள். மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு உண்டு. ஆள் கை வைக்கும்போது பூட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பூட்டு சூப்பர்வைசர் தமிழ்க்குமரனின் மேஜைக்குள் கிடந்தது. எடுத்து வந்து பூட்டித் திறப்பதற்குள் நேரம் போகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை, அவர் கொடுப்பதும் இல்லை. அன்புராஜ் வலது கையை மிக்ஸரின் வாய்க்குள் விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். இடது கையில் வாக்கி.

அந்த நேரம் பின்பக்கம் புண்ணாக்கு லாரிகள் நின்றன. லோடு இறக்குகிற தங்கவேல், மழையில் நனைந்துகொண்டே வாக்கியில் கேட்டார், "அன்பு, ரெண்டும் முடிஞ்சுதா? போடலாமா?" வந்த மூட்டையை எண்ணிக் கணக்கு எழுதுவதும் அன்புராஜ்தான்; இரண்டு லாரிக்கும் எண்ணி முடிந்ததா, மூட்டைகள் மேல் தார்ப்பாயைப் போடலாமா என்பது அவர் கேள்வி. பேனல் ரூமில் அப்போது ஆபீஸ் போன் அடித்தது. செலின் அதை எடுத்துக் காதில் வைத்திருந்ததால் கேள்வி அவளுக்கு விழவில்லை. பதில் விழுந்தது.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. போடு."

அன்புராஜின் குரல்தான். அவன் வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். இரண்டாம் மிக்ஸர் பட்டனை அழுத்தினாள்.

கட்டை விரல் தப்பியது. மற்ற நாலு விரலும் உள்ளங்கையில் பாதியும் போய்விட்டன.

கம்பெனியில் விசாரணை நடந்தது. தகவல் தொடர்பில் ஏற்பட்ட குறைபாட்டினால் விபத்து நேர்ந்துள்ளது என்று முடிவாயிற்று. லியோ பிரகாஷ் அதை வீட்டில் வந்து சொன்னபோது, அப்படின்னா இன்னா என்று சுகந்தி மாமனாரிடம் கேட்டாள். இன்னாசி, யாரும் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம் என்றார்.

"யாரும் செய்யாமதான் கை போச்சா மாமா?" என்றாள் சுகந்தி.

சுவருக்கு இந்தப் பக்கம் செலின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் அன்புராஜைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் சுகந்தி எழுந்து வெளியே போய்விட்டாள். கை முழுக்கக் கட்டு. செலினுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்குடா போடுன்ன?" என்றாள். கேட்க நினைத்தது அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

"தார்ப்பாயி அண்ணி," என்றான் அவன். "தங்கவேலு அண்ணன் கேட்டாரு. புண்ணாக்கு நனையுதேன்னு அவசரத்துல சொன்னன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. செலின் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி மேல கோவம் இல்ல என்று அவன் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்ற சுகந்தியும் கேட்டாள். அவளுக்கு அது போதவில்லை. அவன் கோபப்படாத கோபத்தையும் சேர்த்து அவளே சுமந்துகொண்டாள்.

கம்பெனியில் பூட்டு இப்போது மேஜையை விட்டு வெளியே வந்தது. சுரண்டப் போகிறவர் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்து பூட்டைத் திறந்தால் பேனலில் பச்சை விளக்கு எரியும் என்று செய்தார்கள். பாண்டியிலிருந்து பிரியதர்ஷினி என்று ஒரு பயிற்சியாளரையும் வரவழைத்தார்கள். லேப்டாப்பும் திரையுமாக வந்த சின்ன வயசுப் பெண். மெயில் எப்படி எழுதுவது, போனில் எப்படி வணக்கம் சொல்வது, கூட்டத்தில் எப்படிச் சுருக்கமாகப் பேசுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெயிலே எழுதாதவர்கள் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் செலின் எழுந்து, வாக்கியில் எப்படிப் பேசணும் மேடம் என்று கேட்டாள். பிரியதர்ஷினிக்கு நடந்தது தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு செலினுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்பா கப்பலில் வேலை பார்த்தவராம். அங்கே கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். சொன்னவர் சரி என்ற பிறகுதான் கை வைக்க வேண்டுமாம். ஒரு தடவை பேசினால் ஒரு விஷயம்தான். இரண்டு அர்த்தம் வருகிற வார்த்தை எதுவோ, அதை விட்டுவிட்டு வேறு வார்த்தை தேடிக்கொள்ளுங்கள் என்றாள்.

அந்த வார்த்தை எது என்று செலினுக்குத் தெரியும். மூட்டையைப் போடு, லைட்டைப் போடு, தார்ப்பாயைப் போடு, மிஷினைப் போடு. நாள் முழுக்க அந்தக் கம்பெனி போடு போடு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அன்புராஜோடு உட்கார்ந்துதான் அவள் வாக்கியில் பேச வேண்டிய பேச்சை ஒழுங்கு செய்தாள். அவன் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். மிஷினுக்கு 'ஓட்டு' என்று வைத்துக்கொள்ளலாம், வேறெதற்கும் அந்த வார்த்தை வராது என்று அவன்தான் சொன்னான். முதலில் யார் பேசுவது என்று பேர் சொல்ல வேண்டும். அப்புறம் எந்த மிஷின். மிஷின் ரெடி என்று முடிக்கலாமா என்று அவள் கேட்டபோது அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"மிஷினு எப்பவும் ரெடியாத்தான் இருக்கும் அண்ணி. ஆளு வெளிய இருக்குதா, அத்தச் சொல்லணும். பார்த்தவன் சொல்லணும்."

மேனேஜர் அருள்முருகன், உற்பத்தி குறையாமல் இருந்தால் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்றார். தமிழ்க்குமரனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது என்றார். முதல் சில நாள் கீழே எல்லோருக்கும் சிரிப்புதான். நான் தங்கவேலு, நான் டீக்கடைக்குப் போறன், ஆளு வெளிய, டீயை ஆத்தலாம் என்று வாக்கியில் குரல் வரும். செலினும் சிரித்துவிட்டு, தங்கவேலு அண்ணன் டீக்கடைக்குப் போறாரு, சரியா என்று திருப்பிச் சொல்வாள். கேலி மெல்ல ஓய்ந்து, புதுப் பேச்சு மட்டும் நிலைத்தது.

அன்புராஜின் இடத்துக்கு அவன் மனைவிக்கு வேலை தருவதாகக் கம்பெனி சொன்னது. சுகந்தி இரண்டு நாள் யோசித்தாள். அந்த இடத்தில் கால் வைக்க அவளுக்கு மனசில்லை. அன்புராஜ் வற்புறுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பிள்ளைக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் என்று லில்லிதான் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். சுகந்தி போய்ச் சேர்ந்தாள். மூட்டை தைக்கிற வேலை. ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். செலின் முன்னால் ஏறினால் சுகந்தி பின்னால் ஏறுவாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள்.

கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று கரையைக் கடக்காமல் கடலிலேயே நின்று பெய்தது. வயலெல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது. செல்லிப்பட்டுப் பக்கம் தரைப்பாலத்தை எந்த நேரமும் அடைத்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பாலத்தைத் தாண்டி மண்ணாடிப்பட்டுப் பக்கத்துப் பால் சொசைட்டிகளுக்குப் போக வேண்டிய தீவன லோடு ஒன்று பாக்கி. லாரி வந்து நின்றுவிட்டது. மழையில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. இருந்த ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மிக்ஸர் வாய் அடைத்துக்கொண்டது.

தங்கவேல் சுவிட்சைப் பூட்டிவிட்டுச் சுரண்டப் போனார். உள்ளே ஒருத்தர் கை வைத்தால் வெளியே ஒருத்தர் வாக்கியோடு நின்று பார்க்க வேண்டும் என்பதும் புது ஏற்பாடு. வழக்கமாக நிற்பவர் அன்றைக்கு வரவில்லை. தமிழ்க்குமரன் சுற்றிலும் பார்த்தார். மூட்டை தைத்துக்கொண்டிருந்த சுகந்தியைக் கூப்பிட்டு அவள் கையில் வாக்கியைக் கொடுத்தார். முடிந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. அந்த வாசகத்தை அவள் புருஷனும் செலினும் வாசலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தபோது அவள் உள்ளே பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

செலின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் சுகந்தி வந்து நிற்பது தெரிந்தது. அதே மிக்ஸர். அதே தூண். தகரக் கூரை மேல் மழை கொட்டுகிற அதே சத்தம்.

கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பூட்டைத் திறந்துவிட்டார்கள். செலின் வாக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாக்கி பேசவில்லை. கீழே பார்த்தாள். சுகந்தி தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். வாக்கி பிடித்த கை தொங்கிக்கொண்டிருந்தது. மறு கையைத் தூக்கி ஆட்டினாள். கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

செலின் வாக்கியை எடுத்தாள். "பேனல்லேர்ந்து செலின் பேசறன். ரெண்டாம் மிக்ஸர்ல ஆள் வெளிய வந்தாச்சா?"

பதில் இல்லை. சுகந்தி மறுபடி கட்டை விரலைக் காட்டினாள். இந்தத் தடவை கையை இன்னும் மேலே தூக்கி, ஒரு வெடுக்கோடு.

செலின் மறுபடி கேட்டாள். மறுபடியும் பதில் இல்லை. பைப்பில் நின்ற மொலாசஸின் சூடு இறங்கிக்கொண்டே வருவது மீட்டரில் தெரிந்தது. படியேறி வந்த தமிழ்க்குமரன் சட்டை முழுக்க நனைந்திருந்தார். விளக்கு எரிகிறது, கீழே கை காட்டுகிறாள், அப்புறம் என்ன என்று கேட்டார்.

"வாயால சொல்லணும் சார்."

"மொலாசஸ் இறுகிட்டா பைப்பையே கழட்டணும். லாரி நிக்குது. பாலத்தை அடைச்சிட்டா யாரு பதில் சொல்றது? ஓட்டும்மா."

"விளக்கு பூட்டு தொறந்திருக்குன்னுதான் சார் சொல்லுது. உள்ள ஆளு இல்லன்னு சொல்லல."

அவர் தன் வாக்கியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னாலேயே நின்று சொன்னார். "நான் தமிழ்க்குமரன். ரெண்டாம் மிக்ஸர். ஆளு வெளிய. ஓட்டலாம். போதுமா?"

"நீங்க பார்த்தீங்களா சார்?"

"அவங்க பார்த்தாங்க."

"அப்ப அவங்கதான் சொல்லணும்."

ஆபீஸ் போன் அடித்தது. செலின் எடுக்கவில்லை. தமிழ்க்குமரன் எடுத்துப் பேசிவிட்டு அவளிடம் நீட்டினார். மேனேஜர் அருள்முருகன் கத்தவில்லை. வேலை நின்றதற்கு நீங்கள்தான் விளக்கம் தர வேண்டியிருக்கும் செலின் என்றார். தருகிறேன் சார் என்று சொல்லி வைத்தாள்.

செலின் வாக்கியை மறுபடி கையில் எடுத்தாள். தான் செய்வது என்ன என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. கீழே நிற்பது வேறு யாராவதாக இருந்தால், கை காட்டியதோடு விட்டிருப்போமா? இல்லை, விட்டிருக்க மாட்டோம் என்று தோன்றியது. ஆனால் இவ்வளவு பிடிவாதம் இருந்திருக்குமா? ஒரு வீட்டில் இருந்துகொண்டு இத்தனை மாசம் ஒரு வார்த்தை பேசாதவளை இந்தச் சாக்கில் பேசவைக்கப் பார்க்கிறோமோ? அப்படி இருந்தால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. அப்படியே இருந்தாலும் பட்டனை அழுத்த முடியாது. தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது.

"சுகந்தி," என்றாள் வாக்கியில். "கை காட்டுனா இங்கேர்ந்து ஒண்ணும் புரியல. வாயால சொல்லு."

கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அழுத்திய பட்டனை விடாமல் சுகந்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு கம்பெனியில் இருந்த எல்லா வாக்கியிலும் கேட்டது.

"இன்னா சொல்லணும்? ஒனக்கு இன்னா சொல்லணும்?"

தமிழ்க்குமரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செலின் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னிக்கு இவ்ளோ கேக்கற இல்ல, அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டியா? அன்பு, கை வெளிய இருக்குதான்னு ஒரே ஒரு வார்த்த. கேட்டிருந்தா எம் புருசன் இன்னிக்கு சோத்தக் கையால பெசஞ்சு தின்னுவாரு. ரெண்டு கையாலயும் புள்ளயத் தூக்கிக்குவாரு. நீ கேக்கல. எல்லாரும் வந்து கொறபாடு கொறபாடுன்னாங்க. எந்தக் கொறபாடு வந்து பட்டன அழுத்திச்சி?"

லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். லாரியின் வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. கீழே சுகந்தியின் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவள் அழவில்லை. நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செலின் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் குழாயடியிலும் சொல்ல முயன்றபோதெல்லாம் தெரியாம, அவசரத்துல, தப்பா விழுந்துடுச்சி என்றுதான் ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் சுகந்தி எழுந்து போயிருந்தாள்.

"நான் கேக்கல," என்றாள். "கேட்டிருக்கணும். அவன் கொரலு கேட்டுது, என்னா ஏதுன்னு கேக்காம அழுத்திட்டன். நான்தான் அழுத்துனன் சுகந்தி. வேற யாரும் இல்ல."

வாக்கியில் மழைச் சத்தம் மட்டும் வந்தது.

"இப்ப கேக்கறன். தங்கவேலு அண்ணன் எங்க இருக்காரு? அவரு கை எங்க இருக்குது?"

சுகந்தி கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். பிறகு தூணுக்குப் பின்னால் போனாள். ஆள் தெரியவில்லை. தமிழ்க்குமரன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. செலின் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள். பட்டனுக்குப் பக்கத்தில்கூட விரல் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அவளுக்கு நெடுநேரமாகத்தான் பட்டது.

வாக்கி பேசியது. குரல் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வந்தது.

"நான் சுகந்தி பேசறன். ரெண்டாம் மிக்ஸர். தங்கவேலு அண்ணன் என் பக்கத்துல நிக்கறாரு. ரெண்டு கையும் வெளிய இருக்குது. நான் பார்த்தன். உள்ள குனிஞ்சும் பார்த்தன், யாரும் இல்ல. மூடிய மூடியாச்சி. ரெண்டாம் மிக்ஸர ஓட்டலாம்."

செலின் திருப்பிச் சொன்னாள். "ரெண்டாம் மிக்ஸர். தங்கவேலு அண்ணன் வெளிய. உள்ள யாரும் இல்ல. மூடி மூடியிருக்குது. ரெண்டாம் மிக்ஸர ஓட்டறன். சரியா சுகந்தி?"

"சரி."

அழுத்தினாள். கீழே மிஷின் உறுமி, திணறி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. தமிழ்க்குமரன் படியிறங்கிப் போனார். செலின் நாற்காலியின் கம்பியில் பாதத்தைக் கோத்து அழுத்திக்கொண்டாள்.

லோடு கிளம்ப நேரமாகிவிட்டது. லாரி போய்ச் சேர்வதற்குள் தரைப்பாலத்தை அடைத்துவிட்டார்கள். டிரைவர் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனார். சொசைட்டிக்காரர்கள் போனில் ஏசினார்கள். மேனேஜர் செலினைக் கூப்பிட்டு, சொந்தப் பிரச்சினையைக் கம்பெனி லைனில் பேசக் கூடாது என்று கண்டித்தார். அவள் சரி சார் என்றாள். ஆனால் இரண்டாம் மிக்ஸருக்கு நாளைக்கும் இப்படித்தான் கேட்பேன் சார் என்றும் சொன்னாள். அவர் ஃபைலைப் புரட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

டீ குடிக்க இறங்கியபோது தங்கவேல் எதிரே வந்தார். உடம்பெல்லாம் கறுப்புப் பாகு. அவர் எதையும் பாராட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

"எங் கையப் புடிச்சி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சி அந்தப் பொண்ணு," என்றார். "வெரல ஒண்ணொண்ணாத் தொட்டுப் பார்த்துச்சி." அவ்வளவுதான் சொன்னார். டீ கிளாஸை வாங்கிக்கொண்டு மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டமில்லை. செலின் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுகந்தி பின்பக்கம் ஏறினாள். வழக்கம்போல நின்றுகொண்டு வராமல், பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதற்குக் களைப்பும் காரணமாக இருக்கலாம். வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ரோட்டை உரசிக்கொண்டு போனது. டிரைவர் பஸ்ஸை மெதுவாக நகர்த்தினார்.

தெருமுனையில் இறங்கியதும் செலின் முன்னால் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் சேற்றில் சளக் சளக்கென்று வந்துகொண்டிருந்தது. கோயிலில் மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது. வாசலில் அன்புராஜ் பிள்ளையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தான். கம்பெனியில் நடந்தது அதற்குள் யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும்; இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

செலின் தன் கதவின் நாதாங்கியில் கை வைத்தாள்.

"நாளைக்கு என்னக் காலையில வரச் சொன்னாங்க." பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா என்று கூப்பிடவில்லை. "ரெண்டாம் மிக்ஸர்லயே நிக்கணுமாம். நீ பேனல்லதான?"

செலின் திரும்பினாள். சுகந்தி அவளைப் பார்க்காமல், சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ காலையில, ரெண்டாம் மிக்ஸர்ல," என்றாள் செலின். "நானும் காலையிலதான். பேனல்ல."

"சரி," என்று சொல்லிவிட்டு சுகந்தி தன் வீட்டுக்குள் போனாள்.